சேலையும் சங்கிலியும்

ஞாயிற்றுக்கிழமைக் காலையிலே தேநீர்க் கோப்பையும் கையுமாக இப்பக்கத்தைப் புரட்டும் தாய்மார், மோட்டார் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் இடுதல் பற்றிய கட்டுரை என்றவுடன், இஃது ஆடவர் சமாசாரம் என ஒதுக்கிவிட்டு அடுத்த பக்கத்துக்குச் சென்றுவிடல் கூடும். அன்புகூர்ந்து சற்றுப் பொறுத்தருள்க. சங்கிலிக்கு எண்ணெய் இடுவோர் பெரும்பாலும் ஆடவரே எனினும், அச்சங்கிலி திறந்து கிடக்கும்போது அதனருகே காலைத் தொங்கவிட்டு அமர்ந்து செல்வோர் பெண்களும் பிள்ளைகளுமே ஆவர். ஆகவே இப்பொருளிலே அவர்களுக்குள்ள பங்கு ஓட்டுநருக்குள்ள பங்கிலும் பெரிது.

இதனை எழுதும் யாம் கல்லூரியிலே பௌதிகவியல் கற்பிப்பவர். உராய்வின் இயல்பையும் பொறிகளின் இயக்கத்தையும் கரும்பலகையில் வரைந்து காட்டுவதே எமது பிழைப்பு. அத்தகைய யாமே, ஊரார் ‘செயின் கவர்’ என்று வழங்கும் சங்கிலி மூடியை எமது மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றிக் கொட்டிலின் மூலையில் எட்டு மாதம் போட்டு வைத்திருந்தோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுதல் நலம்.

சிலாபத்திலிருந்து வடக்கே உடப்பு, முந்தல், பாலாவி என்று சென்று, பின்னர் கற்பிட்டி முனைவரை நீளும் எமது கரையைக் கண்டோர் அதன் இயல்பை அறிவர். ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு, இடையிலே மணல். புத்தளத்திலும் பாலாவியிலும் உப்பளங்கள் வெண்பாய் விரித்தாற்போலக் கிடக்கின்றன. மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஓயாமல் வீசும். அக்காற்றை நாடிக் கடல் கடந்து கற்பிட்டிக்கு வந்து, பெரும் பட்டங்களைப் பிடித்துக்கொண்டு நீர்மேற் சறுக்கி விளையாடும் வெளிநாட்டாரும் உளர். அவர்களுக்கு இன்பம் தரும் அதே காற்று, அலையின் நுனியிலிருந்து உப்புத் துளியையும் கரையிலிருந்து நுண்மணலையும் வாரிக்கொண்டு வந்து எமது வீதிகளிலும் முற்றங்களிலும் வண்டிகளிலும் தூவிச் செல்கிறது.

உப்பு வெறுமனே படிந்து கிடந்தாற் பெருங்கேடில்லை. அது ஈரத்தை இழுக்கும் பொருள். வளியின் சாரீரப்பதன் நூற்றுக்கு 75 என்னும் அளவைக் கடந்ததும், சோற்றுப்புத் தூள் வளியிலுள்ள நீராவியை உண்டு தானே கரைந்து நீர்த்துளியாகிவிடும். மழைக்காலத்தில் அடுக்களை உப்புச் சாடி கசிவதைக் காணாத இல்லம் ஏது? எமது கரையிலே இரவுகளிற் பெரும்பாலானவற்றில் அந்த அளவு எளிதாகக் கடந்துவிடுகிறது. ஆகவே பகலிற் படிந்த உப்பு, இரவில் வண்டி உறங்கும்போது, இரும்பின்மேல் ஓர் உவர்நீர்ப் படலமாகிறது. உவர்நீர் மின்னை நன்கு கடத்துவது. துருப்பிடித்தல் என்பதோ ஒருவகை மின்வேதித் தாக்கம். மழைநீரில் நனைந்த இரும்பிலும் உவர்நீரில் நனைந்த இரும்பு விரைந்து துருவேறுவதன் காரணம் இதுவே.

எமது வண்டியில் முதலில் துருவேறியது சங்கிலியன்று. மூடியைத் தாங்கியிருந்த சிறு தகட்டுத் தாங்கி. அஃது ஒருநாள் ஒடிந்தது. மூடி சட்டத்தில் மோதி, செல்லுமிடமெல்லாம் தகரம் தட்டிக்கொண்டு வந்தது. கம்பியாற் கட்டினோம். கம்பியும் துருவேறி அறுந்தது. கல்லூரி வாயிலில் எமது வருகையை அரைக்கல் தொலைவிலேயே மாணவர் அறிந்துகொள்ளத் தொடங்கியதும், மூடியைக் கழற்றிவிட்டோம். அடுத்த கிழமை வெல்டிங் கடையிற் கொடுத்து ஒட்டுவித்துக்கொள்ளலாம் என்பது எண்ணம். அடுத்த கிழமை என்பது எத்தகையது என்பதை வாசகரும் அறிவர்.

கழற்றியபின் வண்டி ஓசையின்றி ஓடியது. எண்ணெய் இடவும் எளிதாயிருந்தது. சங்கிலி பளபளவென்று வெளியே தெரிய ஓடுவது இளைஞர் கண்ணுக்கு அழகாகவும் இருந்தது போலும். “சேர், இப்பதான் ரேஸ் பைக் மாதிரி இருக்கு” என்று மாணவன் ஒருவன் பாராட்டினான். யாமும் உள்ளூர மகிழ்ந்தோம். பந்தய வண்டிகளைப் பற்றி அவனும் அறிந்திலன், யாமும் அறிந்திலோம். அனைத்துலக மோட்டார் சைக்கிள் சம்மேளனத்தின் வீதிப் பந்தய விதிகளின்படி, கீழ்ச்சங்கிலி பின்பற்சில்லிற் புகும் இடத்திலே கையோ காலோ அகப்படாதவாறு காப்புத் தகடு பொருத்தப்படாத வண்டி பந்தயத்தில் இறங்கவே இயலாது. சேலையும் சாரமும் அணியாத, தோலுடையால் உடல் முழுவதும் மூடிய வீரருக்கே அவ்வாறு விதி.

2018ஆம் ஆண்டு ஆடி மாதம். உடப்பு திரௌபதை அம்மன் கோயில் திருவிழா. தீமிதிப்பைக் காண எம் இல்லாளுடன் மாலையிற் புறப்பட்டோம். முந்தலைக் கடந்து பத்துலுஓயாச் சந்தியில் மேற்கே திரும்பினோம். அதுவரை வலப்புறத்திலிருந்து வந்த காற்று, திரும்பியதும் இடப்புற முன்னிலிருந்து அடிக்கத் தொடங்கியது. எம் இல்லாள் சேலை அணிந்த பெண்கள் அமரும் முறையில், இரு கால்களையும் இடப்புறம் தொங்கவிட்டுப் பக்கவாட்டில் அமர்ந்திருந்தார். காற்று அவர் முந்தானையைத் தூக்கிப் பின்னுக்குத் தள்ளி, வண்டியின் உடலோடு ஒட்டுவித்தது.

விழாவுக்குச் செல்லும் கூட்டம் வீதியில் நிறைந்திருந்தமையால் யாம் மெல்லவே சென்றோம். மணிக்கு 25 கிலோமீற்றருக்கு மேலிராது. “சேலை! சேலை!” என்ற குரல் கேட்டது. பின் ஏதோ கிழியும் ஓசை. பின்சில்லு இறுகி வண்டி ஒரு முழம் வழுக்கி நின்றது. திரும்பிப் பார்த்தபோது எம் இல்லாள் வீதியோர மணலில் விழுந்து கிடந்தார். முந்தானை சங்கிலிக்குள்ளே சுருண்டு, கரிய எண்ணெய் பூசிய கயிறாகியிருந்தது.

யாம் செய்த முதற் காரியம் அறிவற்ற காரியம். சேலையைப் பிடித்து இழுத்தோம். அது மேலும் இறுகியது. அவ்வேளை பின்னால் மீன்பெட்டியுடன் மோட்டார் சைக்கிளில் வந்த வியாபாரி ஒருவர் இறங்கி ஓடி வந்தார்.

“மாஸ்டர், இழுக்காதீங்க. இழுத்தா இன்னும் மாட்டும். நியூட்ரல்ல போட்டு வண்டியப் பின்னுக்கு உருட்டுங்க.”

உருட்டினோம். சங்கிலி எதிர்த்திசையில் ஓடி, விழுங்கியதைத் தானே கக்கத் தொடங்கியது. எஞ்சிய சிக்கலை அவர் மீன் வெட்டும் கத்தியால் அறுத்து விடுவித்தார். எம் இல்லாளுக்கு மணிக்கட்டுச் சுளுக்கும், இடக் கணுக்காலில் நான்கு தையலிட்ட காயமும். அவ்வளவில் தப்பினார். அன்று அவர் அணிந்திருந்தது பழைய பருத்திச் சேலை. புதிய செயற்கை இழைச் சேலையை எடுத்து வைத்துவிட்டு, கூட்டத்தில் அழுக்காகுமே என்று கடைசி நேரத்தில் மாற்றிக்கொண்டிருந்தார். பருத்தி கிழிந்து அவரை விட்டுவிட்டது. செயற்கை இழை அத்துணை எளிதிற் கிழியாது. அதனை நினைக்குந்தோறும் இன்றும் எமக்கு நெஞ்சு குளிர்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் அவர் சொன்னது ஒன்றுதான்: “பிள்ளைகளுக்கு இதத்தானே படிப்பிக்கிறீங்க.”

அன்றிரவு உறக்கம் வராமையால், படிப்பிப்பதை நமக்கே படிப்பித்துக்கொள்வோம் என்று தாளும் பேனையும் எடுத்துக் கணக்கிட்டோம். எமது வண்டியின் பின்சில்லு ஒருமுறை சுழன்றால் ஏறக்குறைய 1.85 மீற்றர் செல்லும். மணிக்கு 25 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு ஏறக்குறைய 7 மீற்றர். ஆகவே சில்லு செக்கனுக்கு நான்கு முறை சுழல்கிறது எனக் கொள்ளலாம். பின்பற்சில்லில் 42 பற்கள். சங்கிலியின் கண்ணி ஒவ்வொன்றும் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீற்றர். எனவே சில்லின் ஒரு சுழற்சிக்குச் சங்கிலி அரை மீற்றருக்குச் சற்று மேலாக ஓடுகிறது. நான்கு சுழற்சிக்கு இரண்டு மீற்றர். தோளிலிருந்து தொங்கும் முந்தானை ஒரு மீற்றர் என்று கொண்டால், அது முழுவதும் உட்செல்ல அரைச் செக்கன் போதும். குரலைக் கேட்டு, பொருளை உணர்ந்து, பிறேக்கை மிதிக்க ஓட்டுநருக்கு ஏறத்தாழ ஒரு செக்கன் வேண்டும். ஆறு யார்ச் சேலை முழுவதும், அதாவது ஐந்தரை மீற்றரும், மூன்று செக்கனுக்குள். மெல்லத்தானே செல்கிறோம் என்பது இங்கே காப்பாகாது.

மற்றொன்றும் அன்று புலப்பட்டது. எமது நாட்டிலும் இந்தியாவிலும் வாகனங்கள் வீதியின் இடப்புறமாகச் செல்கின்றன. ஆதலாற் பக்கவாட்டில் அமரும் பெண்கள் வீதியோரமாகிய இடப்புறமே காலைத் தொங்கவிடுவர். எமது ஊர்களில் ஓடும் ஜப்பானிய, இந்திய வண்டிகளிற் பெரும்பாலானவற்றின் சங்கிலியும் இடப்புறத்திலேயே உளது. சேலை எங்கே தொங்குகிறதோ அங்கேயே சங்கிலி ஓடுகிறது. இதனை இந்தியர் சட்டத்திலும் எழுதியுள்ளனர். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்னிருக்கையுள்ள மோட்டார் சைக்கிள் ஒவ்வொன்றிலும் கைப்பிடியும் கால்மிதியும் இருத்தல் வேண்டும் எனவும், பின்னால் அமர்பவரின் ஆடை சில்லிற் சிக்காதவாறு பின்சில்லின் பாதிக்குக் குறையாத பகுதியை மூடும் காப்பும் அமைதல் வேண்டும் எனவும் கூறுகிறது. சேலைக் காப்பு என்று கடைகளில் வழங்கும் கம்பி வலை அதுவே. அது சில்லைக் காக்கும். சங்கிலிக்கு மூடி வேறு வேண்டும்.

ஆடை சில்லிற் சிக்கிய விபத்துக்களுள் உலகறிந்தது 1927ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் நாள் பிரான்சின் நீஸ் நகரில் நிகழ்ந்தது. புகழ்பெற்ற நடன மாது இசடோரா டங்கன் திறந்த மோட்டார் வண்டியொன்றில் ஏறினார். கழுத்திலிருந்த நீண்ட பட்டுச் சால்வை பின்சில்லின் கம்பிகளிற் சுற்றிக்கொண்டது. வண்டி புறப்பட்ட அக்கணமே அவர் உயிர் பிரிந்தது. எமது ஊரில் முந்தானை மாத்திரமன்று. அபாயாவின் விளிம்பு, துப்பட்டா, சாரத்தின் தலைப்பு, மழையங்கியின் வார், பாடசாலைப் பையின் தொங்குபட்டி யாவும் ஒன்றே. எல்லாவற்றிலும் கொடியது பிள்ளைகளின் குதிகால். கால்மிதிக்கு எட்டாத சிறு பிள்ளை, தூக்கக் கலக்கத்திற் காலை உள்ளே விடும். அதனை விரித்தெழுத மனம் வரவில்லை.

இனி அந்த மீன் வியாபாரிக்கு வருவோம். நன்றி கூறச் சில நாள் கழித்து அவரை முந்தற் சந்தையிற் கண்டபோது, அவர் வண்டியை நின்று நிதானமாகப் பார்த்தோம். மீன்பெட்டியிலிருந்து பனிக்கட்டி உருகிய நீர் ஓயாது வடியும். கடல்மீனின் உப்பும் அதிலே கலந்திருக்கும். பெட்டி இருப்பதோ பின்சில்லுக்கு நேர்மேலே. எனவே எமது சங்கிலிக்கு வாரத்திற் சில நாள் கிடைக்கும் உவர்நீர் அவருடையதற்கு நாள்தோறும் கிடைக்கிறது. அவரோ பெட்டியின் கீழே பழைய டயர் ரப்பரைச் சரிவாக வைத்து, நீர் வலப்புறமாக வடியுமாறு செய்திருந்தார். சங்கிலி மூடி துருவேறி உதிர்ந்த இடத்திற்கு வெறும் எண்ணெய்க் கானை அறுத்து, வளைத்து, நட்டும் போல்ட்டும் இட்டு இறுக்கியிருந்தார். அழகற்றது, ஆனால் துருவேறாதது.

“தகரத்துக்கு உப்பு ஆகாது மாஸ்டர். கானுக்கு உப்பு என்ன செய்யும்?” என்றார். “மூடி இல்லாட்டி மாசத்துக்கு ஒருக்கா செயின் இழுக்கணும். எனக்குக் கட்டாது.”

சேலைக்காக அன்றி, சங்கிலிக்காகவே அவர் மூடியைப் பேணினார். அவர் கண்டறிந்ததன் காரணத்தை விளங்கிக்கொள்ளச் சங்கிலியின் உள்ளமைப்பைச் சற்று அறிதல் வேண்டும்.

இன்று சைக்கிள் முதல் பெரும் பொறிகள்வரை ஓடும் உருளைச் சங்கிலியை 1880ஆம் ஆண்டில் ஆக்கியவர், இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் வாழ்ந்த ஹான்ஸ் ரெனோல்ட் என்னும் சுவிஸ் நாட்டவர். அதன் கண்ணி ஒவ்வொன்றிலும் ஓர் ஊசி, ஊசியைச் சூழ ஒரு குழல், குழலைச் சூழ ஓர் உருளை, இருபுறமும் தகடுகள். பற்சில்லின் பல் உருளையைத் தொடுகிறது. ஆனால் சங்கிலி வளையும்போது தேய்வது உள்ளேயிருக்கும் ஊசியும் குழலுமே. எண்ணெய் செல்ல வேண்டிய இடம் அதுவாகும். சங்கிலி ‘இழுபட்டுவிட்டது’ என்கிறோம். உண்மையில் தகடு நீள்வதன்று. 110 கண்ணியுள்ள சங்கிலியிலே ஒவ்வோர் ஊசியும் ஒரு மில்லிமீற்றரிற் பத்திலொரு பங்கு தேய்ந்தாற் போதும். மொத்தச் சங்கிலி 11 மில்லிமீற்றர் நீண்டுவிடும். நீண்ட சங்கிலி பல்லோடு பொருந்தாது. பல்லையும் அரித்துத் தின்னும்.

இந்த இடுக்கிலே உப்பு புகுந்தால் துரு உண்டாகிறது. துரு என்பது மென்மையான தூள் என்று எண்ணுவோர் உளர். பொற்கொல்லர் நகைக்கு மெருகு தீட்டப் பயன்படுத்தும் செம்பொடி இரும்பின் ஒட்சைட்டே, அதாவது துருவின் இனமே. மணலோ உருக்கையே கீறவல்ல படிகம். எண்ணெய் பூசிய திறந்த சங்கிலியில் மணல் ஒட்டினால், எண்ணெயும் மணலும் சேர்ந்து அரைக்கும் களிம்பாகிவிடுகின்றன. எமது கரையின் இக்கட்டு இதுவே. எண்ணெய் இடாவிடின் உப்பு தின்னும். இட்டுத் திறந்துவிடின் மணல் தின்னும். மூடியிருந்தால் மாத்திரமே எண்ணெய் எண்ணெயாக நிற்கும்.

இதனைப் பிறர் எப்போதோ அறிந்துள்ளனர். இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்டனில் ஜோன் மார்ஸ்டன் என்பவர் செய்த சன்பீம் சைக்கிள்களிற் சங்கிலி முழுவதும் எண்ணெயுள்ள பெட்டிக்குள்ளே ஓடியது. 1912இல் அவர்கள் மோட்டார் சைக்கிள் செய்தபோதும் அம்முறையைக் கைவிடவில்லை. கற்பிட்டியில் 1667ஆம் ஆண்டு கோட்டை கட்டத் தொடங்கிய ஒல்லாந்தரின் நாடும் காற்றும் மழையும் மணலும் நிறைந்ததே. அங்கே அன்றாடம் ஓட்டும் சைக்கிள்களிற் சங்கிலியை முழுவதும் மூடும் பெட்டியும், பின்சில்லின் இருபுறமும் அங்கி சிக்காமற் காக்கும் மறைப்பும் இன்றும் வழக்கம். கோட்டையைக் கட்டிச் சென்றவர்கள் அதையும் எமக்குச் சொல்லிச் சென்றிருக்கலாம்; அன்று சைக்கிள் பிறக்கவில்லை!

ஜப்பானில் 1958ஆம் ஆண்டு வெளிவந்த ஹொண்டா சுப்பர் கப் வண்டி, உணவுத் தட்டை ஒரு கையிற் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓட்டத்தக்கதாக இருத்தல் வேண்டும் என்ற எண்ணத்துடன் அமைக்கப்பட்டது. அதன் சங்கிலி முழுவதும் மூடியது. பாவாடை அணிந்தோரும் வேலையுடுப்பு அணிந்தோரும் எண்ணெய்க் கறை படாமல் ஓட்டினர். 2017இல் அவ்வினத்தின் உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது. எமது ஊர்களில் ஆசிரியரும் விதானைமாரும் ஓட்டிய பழைய ஹொண்டாக்கள் அக்குடும்பத்தனவே. அவற்றுட் சில இன்றும் ஓடுவதற்கு அந்த மூடியும் ஒரு காரணம் என்பது எமது எண்ணம். முழுமூடிக்கும் ஒரு குறையுண்டு. கண்ணுக்குத் தெரியாததை நாம் மறந்துவிடுகிறோம். பார்வைக்கென அமைத்த ரப்பர் அடைப்பை ஆண்டுக்கொருமுறை தானும் திறவாதார் பலர்.

எண்ணெய் இடும் முறையைச் சற்று விரிவாகவே கூறுவோம். அதிலும் ஓர் அபாயம் உளது. எம்மிடம் கற்ற மாணவர் ஒருவர் இப்போது வலை பின்னும் தொழிலினர். அவர் தம் வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கியரில் இட்டு, சுழலும் சங்கிலியைத் துணியாற் பிடித்துத் துடைத்தார். துணி பற்சில்லிற் புக, விரலும் உடன் புகுந்தது. வலக்கைச் சுட்டுவிரலின் இரு கணுக்கள் போயின. இன்று அவர் பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே ஊசியைப் பிடித்து வலை முடிகிறார். முன்னிருந்த வேகம் இல்லை. கராஜிலே பலர் அவ்வாறு செய்யக் கண்டே தாமும் செய்ததாகக் கூறினார். எஞ்சின் ஓடும்போது சங்கிலியைத் தொடுதல் எக்காரணத்தாலும் ஆகாது. சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் இட்டபின்னரே தொடங்குக. அருகில் நிற்கும் பிள்ளைகள் சில்லைச் சுழற்றி உதவ விரும்புவர்; அந்த உதவியும் வேண்டா.

நியூட்ரலில் இட்டுச் சில்லைக் கையாற் சுழற்றுக. அதுவும் பின்னோக்கிச் சுழற்றுக. முன்னோக்கிச் சுழலும்போது கீழ்ச்சங்கிலி பின்பற்சில்லுக்குள் ஓடிப் புகுகிறது. அதனைத் துடைக்கும் விரலும் அவ்வழியே செல்லும். பின்னோக்கிச் சுழற்றினால் அவ்விடத்தில் அது பற்சில்லை விட்டு வெளிவருகிறது. மீன் வியாபாரி எமது வண்டியைப் பின்னுக்கு உருட்டச் சொன்னதன் நுட்பமும் இதுவே. அப்போதும் மேற்புறத்திற் கையை வைத்தலாகாது. புகுவாய் அங்கே மாறிவிடும்.

உப்பு படிந்த சங்கிலியை முதலில் நன்னீரால் நனைத்துக் கழுவித் துணியாற் துடைத்து உலரவிடுக. எண்ணெய் உப்பைக் கரையாது. உப்பின்மேல் எண்ணெய் பூசுவது காயத்தைக் கழுவாது கட்டுவது போன்றது. பின்னர் மண்ணெண்ணெயில் தோய்த்த பழைய பற்றூரிகையாற் கரிய களிம்பை நீக்குக. பெற்றோல் வேண்டா. தீயின் அபாயம் ஒருபுறமிருக்க, 1970களிலிருந்து வழக்கில் வந்த ஒருவகைச் சங்கிலியில் உள்ளிட்ட கிறீஸைக் காக்க நுண்ணிய ரப்பர் வளையங்கள் உள்ளன. பெற்றோல் அவற்றைக் கெடுக்கும். உலர்ந்தபின் 90ஆம் இலக்கக் கியர் எண்ணெயைக் கீழ்ச்சங்கிலியின் உட்பக்கத்தில், தகடும் தகடும் சேரும் இடுக்கிலே, கண்ணிக்கொரு துளியாக விடுக. ஓடும்போது எண்ணெய் வெளிநோக்கி வீசப்படும். ஆதலால் உள்ளிருந்து இட்டால் இடுக்கினூடே செல்லும். வெளியே பூசினாற் சட்டைக்கே செல்லும். வண்டி ஓடி வந்து சங்கிலி இளஞ்சூடாக இருக்கும் மாலையே இதற்கு ஏற்ற வேளை. இரவு முழுவதும் ஊறவிட்டுக் காலையில் வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் நன்கு துடைத்துவிடுதல் வேண்டும். வெளியே மினுங்கும் எண்ணெயால் மணலுக்கே பயன்.

எஞ்சினிலிருந்து வடித்த கரிய எண்ணெயைப் பூசுவோர் பலர். காசின்றிக் கிடைப்பதே அதன் சிறப்பு. கரியும் உலோகத் தூளும் அதிலே மிதக்கின்றன. தென்னை நாடாகிய எமது மாவட்டத்திலே தேங்காய் எண்ணெய் விடும் முதியோரையும் கண்டுள்ளோம். அது குழம்புக்கும் கூந்தலுக்கும் உரியது, அங்கேயே இருக்கட்டும்.

கைநூல்கள் 500 முதல் 1,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை என்று கூறும். அவை களப்போரத்தில் எழுதப்பட்டவையல்ல. இரண்டு கிழமைக்கு ஒருமுறையும், மழையில் நனைந்த நாளிலும், கடற்கரை மணலில் ஓட்டிய நாளிலும் எண்ணெய் இடுதல் எமது வழக்கம். சங்கிலியின் தளர்வு சிறு வண்டிகளுக்குப் பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீற்றர். சில்லைச் சுழற்றிப் பார்த்து, மிக இறுகிய இடத்தில் அளத்தல் வேண்டும். பின்பற்சில்லின் பின்விளிம்பிலே சங்கிலியை விரலாற் பிடித்து வெளியே இழுக்குங்கால், பல்லின் பாதி வெளியே தெரியுமாயின் சங்கிலியின் ஆயுள் முடிந்தது. அப்போது சங்கிலியை மாத்திரம் மாற்றிப் பணம் மிச்சப்படுத்த எண்ணற்க. தேய்ந்த பழைய பற்கள் புதிய சங்கிலியைச் சில மாதங்களிலேயே தம் நிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

எமது கொட்டிலில் எட்டு மாதம் உறங்கிய மூடி, விபத்துக்கு மறுநாளே வெல்டிங் கடைக்குச் சென்றது. வேலை முடிய அரைமணி நேரமும் ஆகவில்லை. தாங்கிகளுக்குத் துருத்தடுப்பு வர்ணம் பூசினோம். கீழ்ப்புறத்திலே, வியாபாரியின் முறையைப் பின்பற்றி, எண்ணெய்க் கானில் அறுத்த துண்டொன்றை நட்டு இட்டு இறுக்கினோம். சேலைக் காப்பும் வாங்கிப் பூட்டினோம். கிழிந்த சேலையின் எஞ்சிய பகுதியை எம் இல்லாள் துண்டு துண்டாக அறுத்துக் கொட்டிலில் வைத்திருக்கிறார். சங்கிலி துடைப்பது அதனாலேதான். வண்டியில் ஏறுமுன் முந்தானையை இழுத்து இடுப்பிற் செருகி, இடப்புறம் குனிந்து ஒரு பார்வை பார்த்த பின்னரே இன்றும் அமர்கிறார்.

சென்ற மாதம் முந்தற் சந்தையில் அம்மீன் வியாபாரியை மீண்டும் கண்டோம். எம் முகத்தைப் பார்க்குமுன் அவர் குனிந்து சங்கிலியைப் பார்த்தார். கான் துண்டைத் தட்டி ஆட்டிப் பார்த்துவிட்டு, “இந்த நட்டு லூஸ் மாஸ்டர், வீட்ட போய் இறுக்குங்க” என்றார். பின்னரே அறக்குளா வேண்டுமா, சூடை வேண்டுமா என்று கேட்டார்.